ஆனிக்கும் ஆவணிக்கும் இடையில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த ஒரு வாசகர் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. நாங்கள் எல்லாம் முறையாக வந்தோம், இப்போது வருகிறவர்கள் விசிட்டர் விசாவில் வந்து இறங்கிவிட்டு அகதிக் கோரிக்கை போடுகிறார்கள், இவர்களால் எங்களுக்கும் கெட்ட பெயர், ஆகவே அகதிக் கோரிக்கைகளை இறுக்கக் கனடா அரசாங்கம் ஒட்டாவாவில் கொண்டுவந்த புது மசோதா நல்லதுதான் என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவரோடு சண்டை போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் எழுதியதைத்தான் இப்போது கலியாண வீட்டிலும் கோயில் அன்னதான வரிசையிலும் எங்கள் ஆட்கள் பலர் கதைக்கிறார்கள், அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1990இல் நான் ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கியபோது என் கையில் இருந்த பாஸ்போர்ட் வேறொரு பெண்ணுடையது. இடுப்பில் நாலு வயது மகள். எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, "ரெபியூஜி" என்ற ஒரு சொல்லைத்தான் சொல்லத் தெரியும். இதுதான் முறையாக வந்தது என்றால் சரி, நானும் முறையாக வந்தவள்தான். அந்தக் காலத்தில் வந்த எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேரின் கதையை எடுத்துப் பார்த்தாலும் இதிலிருந்து பெரிய வித்தியாசம் இருக்காது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வீட்டுக் காணியை ஈடு வைத்தோம், எத்தனையோ நாடுகளில் மாதக்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்தோம். அதை மறைக்க வேண்டிய தேவை இப்போது யாருக்கும் இல்லை.

அடுத்தது மசோதா. அதைப் பற்றிக் கதைக்கிறவர்களில் பலர் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். 2025 ஜூன் 3ஆம் திகதி சி-2 என்ற பெயரில் அரசாங்கம் அதைக் கொண்டுவந்தது. எதிர்ப்பு வந்ததும் அதில் சில பகுதிகளைப் பிரித்தெடுத்து அக்டோபரில் சி-12 என்று மறுபடியும் கொண்டுவந்தார்கள். அகதிகளுக்கான பகுதி அப்படியே அதிலும் இருக்கிறது. 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்த ஒருவர், முதல் முறை வந்த நாளிலிருந்து ஒரு வருடம் கழிந்த பின் அகதிக் கோரிக்கை போட்டால், அந்தக் கோரிக்கை, அகதிக் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபைக்கே போகாது. முதல் முறை வந்த நாள் என்பதைக் கவனியுங்கள். 2021இல் அக்கா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டு ஒழுங்காகத் திரும்பிப் போன ஒருவருக்கு இப்போது ஊரில் பிரச்சினை வந்தது என்று வையுங்கள். அவர் மறுபடி வந்து இறங்கிய அன்றே கோரிக்கை போட்டாலும் அவருக்குக் காலம் கடந்துவிட்டது என்றுதான் கணக்கு.

அவரை உடனே பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. திருப்பி அனுப்புவதற்கு முன் ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு பரிசீலனை அவருக்கும் உண்டு. ஆனால் அதைச் செய்வது சபையின் சுயாதீனமான உறுப்பினர் அல்ல, குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரி. பெரும்பாலும் கடதாசியைப் பார்த்தே முடிவெடுப்பார். ஆளைக் கூப்பிட்டுக் கேட்பதா இல்லையா என்பதும் அவர் கையில்தான்.

கடதாசியைப் பார்த்து முடிவெடுப்பது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த நாடு ஒரு காலத்தில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தது, பிறகு அது பிழை என்று தன் வாயாலேயே சொன்ன நாடும் இதுதான். 1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அகதி என்ற வகையை முதல்முறை சட்டத்துக்குள் கொண்டுவந்தது, தனியாட்களும் கோயில், தேவாலயம் போன்ற அமைப்புகளும் அகதிகளை ஸ்பொன்சர் செய்ய வழி விட்டது. நல்ல சட்டம். வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பக்கமிருந்து 1979, 1980 இரண்டு வருடத்தில் 60,000 பேரளவில் இங்கே வந்து சேர்ந்தது அந்தச் சட்டம் இருந்ததால்தான். ஆனால் நாட்டுக்குள் வந்து நின்று கோரிக்கை போடுகிறவரை அது வேறு மாதிரி நடத்தியது. ஓர் அதிகாரி சத்தியம் வாங்கிக் கேள்வி கேட்பார், சொன்னதை எழுதி ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள், அங்கே ஒரு குழு அந்த எழுத்தை மட்டும் வாசித்து ஆலோசனை சொல்ல, அதன்படி முடிவு வரும். தீர்மானிக்கிறவர் அந்த மனிதரின் முகத்தையே பார்த்திருக்க மாட்டார்.

சீக்கியர்கள் உள்ளிட்ட ஏழு பேர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சிங் வழக்கு என்று சொல்வது இதைத்தான். 1985 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நீதிபதி பெர்தா வில்சன் எழுதிய பகுதியைத்தான் இன்றுவரை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவரே ஸ்கொட்லாந்தில் பிறந்து இங்கே வந்து குடியேறியவர், கனடா உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. உரிமைகள் சாசனத்தின் 7ஆம் பிரிவில் "ஒவ்வொருவருக்கும்" என்று எழுதியிருக்கிறது, அந்த ஒவ்வொருவருக்குள் இந்த மண்ணில் கால் வைத்து நிற்கிற எல்லோரும் அடங்குவார்கள் என்றார். ஒருவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்பதுதான் கேள்வி என்றால், அவரை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது என்றார். கனடாவில் ஏப்ரல் 4ஐ அகதிகள் உரிமை நாள் என்று கொண்டாடுவது அதனால்தான். எங்கள் சங்கங்கள் எத்தனையோ நாட்களைக் கொண்டாடுகின்றன, இந்த நாளைக் கொண்டாடியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தத் தீர்ப்பால்தான் 1989 ஜனவரி 1ஆம் திகதி குடிவரவு அகதிகள் சபை வந்தது. அந்தச் சபையின் முன்னால்தான் 1991இல் நான் போய் உட்கார்ந்தேன்.

அந்த அறை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஜன்னல் இல்லாத சின்ன அறை, நீளமான மேசை, மேசையின் நடுவில் தண்ணீர்க் கூசாவும் கடதாசிக் கப்புகளும். அந்தப் பக்கம் இரண்டு உறுப்பினர்கள், இந்தப் பக்கம் என் வழக்கறிஞர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். அப்போது இரண்டு பேர் விசாரிப்பார்கள், அதில் ஒருவர் நம்பினாலே போதும், கேஸ் வென்றுவிடும். இப்போது ஒரே ஓர் உறுப்பினர்தான்.

என் கணவரை ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் ஆமி பிடித்தது 1986 ஆவணியில். மகள் பிறந்தது அதே வருடம் ஆடியில். நான் தமிழில் சொல்லச் சொல்ல ஒருவர் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பியிருந்தார். ஆவணி என்று நான் சொன்னது அவர் காதில் ஆனி என்று விழுந்திருக்கிறது, அவர் ஜூன் என்று எழுதிவிட்டார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, காட்டின இடத்தில் கையெழுத்து வைத்தேன். மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அறிவித்தவர் என்று ஜூலை மாதத்துத் திகதியோடு கணவரின் கையெழுத்து இருந்தது. ஜூனில் பிடிபட்டவர் ஜூலையில் எப்படிக் கையெழுத்து வைக்க முடியும்?

உறுப்பினர்களில் ஒருவர், கண்ணாடி போட்ட பெண்மணி, இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைத்தான் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லி முடித்தபோது எனக்குக் கை கால் குளிர்ந்து போனது. பொய் சொல்கிறாய் என்று சொல்லுகிறார்கள் என்றுதான் விளங்கியது. பிறகுதான் ஜூன் என்ற சொல் எனக்குப் பிடிபட்டது. ஜூன் இல்லை, ஆவணி, ஆவணி என்று அழுதுகொண்டே சொன்னேன். அந்தப் பெண்மணி பேனையைக் கீழே வைத்துவிட்டு மாதங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். தை, மாசி, பங்குனி என்று சின்னப் பிள்ளை மாதிரி விரல் மடித்துச் சொன்னேன். ஆனி, ஆடி, ஆவணி வந்ததும் நிறுத்தச் சொல்லி இன்னொருமுறை சொல்ல வைத்தார். அவரும் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் ஆனியும் ஆவணியும் ஒரே மாதிரித்தான் வந்தன. அவருக்கே அது விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு திகதியைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

ஆசிரியர் அவர்களே, இதே இரண்டு கடதாசியும் 1985க்கு முன்னர் ஒட்டாவாவில் ஒரு மேசையில் போய்க் கிடந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? ஜூன், ஜூலை, முரண்பாடு, நம்பகத்தன்மை இல்லை, நிராகரிப்பு. நான் அந்த ஆளாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், ஏனென்றால் கடதாசியில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த மகள் இன்று இங்கே ஆசிரியராக இருக்கிறாள்.

இந்த நாட்டின் சட்டங்கள் ஏறி இறங்கித்தான் வந்திருக்கின்றன. ஏறின நேரத்தில் உள்ளே வந்தவர்கள் நாங்கள், அவ்வளவுதான். ரயில் பாதை போட ஆயிரக்கணக்கில் சீனர்களைக் கூட்டி வந்துவிட்டு, பாதை முடிந்த 1885இலேயே சீனர் உள்ளே வரத் தலைக்கு 50 டொலர் என்று வரி போட்டார்கள், 1903இல் அதை 500 ஆக்கினார்கள், 1923இல் கதவையே சாத்தினார்கள், 1947 வரை திறக்கவில்லை. இந்தியர்களுக்கு அப்படி வெளிப்படையாகச் செய்ய முடியவில்லை, அவர்களும் அதே பிரித்தானியச் சாம்ராச்சியத்தின் பிரசைகள். ஆகவே 1908இல் ஒரு விதி எழுதினார்கள்: சொந்த நாட்டிலிருந்து எங்கும் இடைநிற்காமல் நேரே வருகிறவர்தான் உள்ளே வரலாம். அதில் இந்தியா என்ற பெயரே இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து நேரே வருவதற்குக் கப்பல் இல்லை என்பது எழுதினவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

1914 மே 23ஆம் திகதி கொமகாட்டா மாரு கப்பல் 376 பேரோடு வன்கூவர் கரைக்கு வந்தது இந்த விதியைக் கேள்வி கேட்கத்தான். பெரும்பாலும் பஞ்சாபிகள். ஏற்கெனவே கனடாவில் வாழ்ந்தவர்கள் போன்ற மிகச் சிலரைத் தவிர எல்லோரையும் இரண்டு மாதம் கப்பலிலேயே வைத்திருந்தார்கள், சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கஷ்டப்பட்டார்கள், கடைசியில் போர்க்கப்பலைப் பக்கத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ்பட்ஜில் இறங்கியபோது பிரித்தானியப் பொலிஸ் சுட்டு அவர்களில் பலர் செத்துப் போனார்கள். 1939இல் செயின்ட் லூயிஸ் கப்பலில் வந்த 907 யூதர்களுக்கு அடைக்கலம் கேட்டபோதும் கனடா இல்லை என்றது. திரும்பிப் போனவர்களில் 254 பேர் ஹிட்லரின் கொலைகாரர்கள் கையில் இறந்தார்கள். சீனர்களிடம் 2006இலும் கொமகாட்டா மாருக்காக 2016இலும் செயின்ட் லூயிஸுக்காக 2018இலும் பிரதமர்கள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள். கொமகாட்டா மாருக்கு மன்னிப்பு வர 102 வருடம் எடுத்திருக்கிறது.

நேரே வர வேண்டும் என்ற விதியையும் இன்றைக்கு ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்ற விதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. இரண்டிலும் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இரண்டும் வாசிக்க நியாயமாகத்தான் இருக்கின்றன. பயந்து போன மனிதன் ஒரு வருடத்துக்குள் வாய் திறக்க மாட்டான் என்பது அகதியாக வந்த எவருக்கும் தெரியும். வல்லுறவுக்குள்ளான பெண்கள் எத்தனை வருடம் கழித்து அதைச் சொன்னார்கள் என்று எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனத்தைப் பார்த்து ஆள் எடுப்பதை 1962இல் விதியிலிருந்து நீக்கி, 1967இல் படிப்பு, மொழி, தொழில் என்று புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். எங்கள் படித்த ஆட்கள் சிலர் வந்தது அந்த வழியில்தான். 1969இல்தான் கனடா அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. பிறகு எங்கள் சனம். 1986 ஓகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் பனிமூட்டத்துக்குள் மிதந்தபோது கஸ் டால்ட்டன் என்ற மீனவர் கண்டு காப்பாற்றினார். பயத்தில் அவர்கள் முதலில் இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள், உண்மையில் வந்தது மேற்கு ஜெர்மனியிலிருந்து. பொய் சொன்ன கூட்டம் என்று நாடே கொதித்தது, ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை, வேலை செய்து பிழைக்க அனுமதி கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது ஹாக்கி விளையாடுகிறார்கள். அடுத்த வருடம் 174 சீக்கியர் நோவா ஸ்கோஷியாவில் வந்து இறங்கியதும் விடுமுறையில் இருந்த நாடாளுமன்றத்தையே கூட்டி இறுக்கமான சட்டங்களைக் கொண்டுவந்தார்கள். 1995இல் நிரந்தர வதிவிடத்துக்கு ஒவ்வொரு பெரியவரும் 975 டொலர் கட்ட வேண்டும் என்றார்கள், அகதியாக ஏற்றவர்களுக்கும் சேர்த்துத்தான். என் தம்பியும் மனைவியும் இரண்டு தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்த்து அந்தக் காசைச் சேர்த்தார்கள். அகதிகளுக்கு மட்டும் அது 2000இல் நீக்கப்பட்டது.

2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர்கள் வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். மாதக்கணக்கில் அவர்களைத் தடுத்து வைத்தார்கள். அந்தக் கப்பலைக் காட்டித்தான் 2012இல் சட்டம் மாறியது: கூட்டமாக வருகிறவர்கள் என்று அமைச்சர் குறித்துவிட்டால் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களைத் தடுத்து வைத்தே ஆக வேண்டும், அகதியாக ஏற்றாலும் ஐந்து வருடம் நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. அதே வருடம் அகதிகளின் மருத்துவ உதவியையும் வெட்டினார்கள், 2014இல் சமஷ்டி நீதிமன்றம் அது கொடூரமானது என்று தீர்ப்புச் சொல்ல, 2016இல் முழுதாகத் திரும்பி வந்தது. அந்தக் கப்பலில் சமைத்தவரையும் இயந்திர அறையில் உதவி செய்தவரையும் ஆட்கடத்தல்காரர் என்று சொல்ல முடியாது, ஒன்றாகத் தப்பி ஓடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவது கடத்தல் ஆகாது என்ற வகையில் உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. அந்தக் கப்பல் வந்த நேரத்தில் என் சொந்த வீட்டில், என் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு ஓர் உறவினர் "இவங்கள் ஏன் இப்ப வாறாங்கள், சண்டைதான் முடிஞ்சுதே" என்றார். அவர் 1988இல் வந்தவர். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை, சாப்பாடு போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அரசாங்கம் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. சபையின் முன்னால் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் தேங்கிக் கிடக்கின்றன. வீட்டு வாடகை ஏறிவிட்டது, பிள்ளைகளுக்கு வேலை இல்லை. 2024 அக்டோபரில், 2025க்கு 5,00,000 பேர் என்று இருந்த நிரந்தர வதிவிட இலக்கை 3,95,000 ஆகக் குறைத்தார்கள். ஒரு நாடு எத்தனை பேரைக் குடியேற்றலாம் என்று கணக்குப் பார்ப்பது அதன் உரிமை. அமெரிக்கா வழியாக வருகிறவர்களை 2004 டிசம்பர் முதல் எல்லைச் சாவடியில் திருப்பி அனுப்பினார்கள், சாவடி இல்லாத ரொக்ஸ்ஹாம் வீதி வழியையும் 2023 மார்ச்சில் அடைத்தார்கள். அதைப் பற்றி வாதாடலாம், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும். ஆனால் தேக்கம் என்றால் உறுப்பினர்களைக் கூட்டுங்கள், வழக்கறிஞருக்குக் காசு கொடுங்கள், மொழிபெயர்ப்பாளர்களைச் சேருங்கள். ஆளைக் கேட்காமல் விடுவதால் வரிசை குறையலாம், ஆனால் அந்த வரிசையில் நின்றவர் பொய் சொன்னாரா உண்மை சொன்னாரா என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும். பொய்க் கேஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்கிறீர்களா? இருக்கிறார்கள். கேள்வி கேட்டால்தான் அதுவும் வெளியில் வரும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இந்த மசோதாவில் என்ன இருக்கிறது, ஒரு வருடக் கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது, 2025 ஜூன் 3க்கு முன் கோரிக்கை போட்டவர்களுக்கு என்ன, பின் போட்டவர்களுக்கு என்ன என்று விபரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரைக் கொண்டு தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுத வையுங்கள். ஒரு முறை போதாது, இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து போடுங்கள். "பொறு தம்பி, வேர்க் பெர்மிட் வரட்டும், பிறகு பாப்பம்" என்று சொல்லிப் பிள்ளைகளை இழுத்தடிக்கிற ஆட்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். எங்கள் தொகுதிகளில் தமிழ் வாக்கு எவ்வளவு என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும், பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வருகிற எம்பிக்களிடம் அந்த இடத்திலேயே இதைக் கேட்க வேண்டும்.

என் வீட்டு நிலவறையில் ஒரு பெடியன் வாடகைக்கு இருக்கிறான். 2023இல் விசிட்டர் விசாவில் வந்தவன். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கதவு பலமாகச் சாத்தினால் திடுக்கிட்டு எழும்புகிறான் என்பது மட்டும் தெரியும். போன மாதம் ஒருநாள் பின்னேரம் மேலே வந்து குசினியில் நின்றுகொண்டு, "அன்ரி, நான் ஒரு பாரம் நிரப்ப வேணும், ஒருக்கா இருந்து உதவி செய்வீங்களோ?" என்று கேட்டான். ஒரு வருடம் எப்போதோ கடந்துவிட்டது. சபை அவனைக் கூப்பிடுமோ, இந்தக் கடதாசி மட்டும்தான் அவனுக்காகப் பேசுமோ என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கறிஞரிடம் நேரம் எடுத்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மேசையில் இருந்து எழுதப் போகிறோம், நான் வாசித்துக் காட்டக் காட்ட அவன் ஒவ்வொரு வரியும் சரிதானா என்று சொல்ல வேண்டும். மாதங்களைப் பெயரால் எழுத வேண்டாம், எண்ணால் எழுது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி